உறைபனியில் வேர்க்கிறது, யாரிடம் கேட்பது?

கேள்வி: டிசம்பர் 28, 2024

கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். வயது 46. ஐந்து மாதமாக மாதவிடாய் நாள் சரியாக வருவதில்லை. ஒரு மாதம் வருகிறது, இரண்டு மாதம் காணோம், வந்தால் கட்டி கட்டியாகப் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு குபீரென்று சூடு ஏறி நைட்டி நனைந்துவிடுகிறது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வீட்டுக்காரர் காய்ச்சல் மாத்திரை வாங்கி வந்தார். மாமியார், "எங்களுக்கெல்லாம் வரலையா, நாங்க யாரு கிட்டப் போனோம்" என்கிறார். குளிர் ஊரில் இப்படி வருமா? எந்த டாக்டரிடம் போவது? போய் என்னவென்று சொல்வது?

டிசம்பர் 28, இரவு

வரும் தங்கை. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்துச் சூடு மாதிரித்தான் தெரிகிறது. குளிர் ஊரிலும் வரும். எனக்கு வந்தது.

எனக்கு 53 வயது. குன்னூரில் தையல் கடை வைத்து 26 வருடம் ஆகிறது. 47-ல் ஆரம்பித்தது. முதல் தடவை கடையில் வைத்துத்தான், ஒரு பெண்ணுக்குக் கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, நெற்றி என்று ஏறியது. டேப் கையில் வழுக்கியது. வெளியே மழை. வந்தவர்கள் எல்லோரும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தார்கள், நான் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றேன். மூன்று நிமிடம் இருக்கும். அப்புறம் உடம்பு சில்லிட்டு நடுங்கியது. திருஷ்டி என்றார்கள். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டோம்.

நல்ல பெண் டாக்டராகப் பாருங்கள். பயப்படாதீர்கள், இரண்டு வருடத்தில் தானாக அடங்கிவிடும். வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுங்கள்.

டிசம்பர் 30

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். என் அக்கா மகள் கோவையில் செவிலியராக இருக்கிறாள். படித்துவிட்டு ராத்திரியே போன் செய்தாள். "சித்தி, ரெண்டு வருஷம்னு யார் சொன்னது? அதை நம்பி ஒருத்தர் ரெண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருப்பாங்க" என்றாள். அமெரிக்காவில் பல வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015-ல் வந்ததாம். அடிக்கடி இந்தச் சூடு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கும் மேல் நீடித்திருக்கிறது. நாள் நிற்பதற்கு முன்பே ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் அதிகம். எனக்கு ஆறு வருடம் ஆகியும் இப்போதும் எப்போதாவது வருகிறது. அப்படி இருக்க இரண்டு என்று ஏன் எழுதினேன்? என் அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

குளிர் ஊரில் வருமா என்பதற்கும் அவள்தான் சரியான விளக்கம் சொன்னாள். மூளைக்குள் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்த இடம் தொட்டால்சிணுங்கி மாதிரி ஆகிவிடுகிறது. முன்பெல்லாம் உடம்பில் கொஞ்சம் சூடு கூடினால் கண்டுகொள்ளாது. இப்போது துளி கூடினாலும் பெரிய வெயில் அடித்த மாதிரி ரத்தக் குழாயை விரித்து வேர்வையை வெளியே தள்ளுகிறது. வெளியே பூஜ்யம் டிகிரி இருந்தாலும் நீங்கள் இரண்டு கம்பளிக்குள் கதவு ஜன்னல் அடைத்துப் படுத்திருக்கிறீர்கள். அந்தத் துளி சூடு போதும்.

வெந்தயம் கெடுதல் இல்லை. ஆனால் அதை மருந்தாக நம்பி உட்கார வேண்டாம்.

ஜனவரி 2, 2025

ராத்திரி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் எழுந்து வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன். பனிக்காற்று முகத்தில் பட்டால் சுகம். ஒரு நாள் பத்தடி தள்ளி தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, மூச்சு புகை மாதிரி வருகிறது. அதோடு வீட்டுக்காரர் கதவைத் திறக்க விடவில்லை. உங்கள் பக்கம் கரடியும் உண்டு. ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து வையுங்கள், கம்பி இருக்கிறதல்லவா.

துணி விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நம் ஊரில் எல்லோரும் தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர்தான். சூடு ஏறும்போது அதைக் கழற்ற வேண்டுமென்றால் கொண்டை கலையும், தாலிச் செயின் மாட்டும், நாலு பேர் முன்னால் கையைத் தூக்கவும் முடியாது. என் ஸ்வெட்டரை நானே நடுவில் வெட்டினேன். இரண்டு ஓரமும் பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடித்து, உள்பக்கம் காட்டன் பட்டி கொடுத்து, பிரஸ் பட்டன் வைத்தேன். சாதாரண பட்டன் வேண்டாம். ஒரு கையால் இழுத்தால் கீழ் வரைக்கும் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். உள்ளே பனியன் துணியில் கையில்லாத ஒரு மேல்சட்டை. ராத்திரிக்கு ஒரு தடித்த ரஜாய்க்குப் பதில் மெல்லிசாக மூன்று போர்வை, தேவைப்பட்டதை மட்டும் தள்ளிவிடலாம்.

அந்த ஸ்வெட்டரைப் பார்த்துத்தான் கடைக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். "எனக்கும் இப்படி வெட்டிக் கொடுங்கக்கா" என்று கொண்டுவந்து வைப்பார்கள். எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். திரையை இழுத்துவிட்டு அளவு எடுக்கும்போது அவர்களே சொல்வார்கள். கழுத்தை இறக்குங்கள், நைலக்ஸ் லைனிங் வேண்டாம், கக்கத்தில் கூடுதலாக ஒரு துணி வையுங்கள், அது நனைந்து நிறம் மாறித் தெரிகிறது. இப்படித்தான் தொடங்கும். டாக்டரிடம் சொல்லாததை, அம்மாவிடம் சொல்லாததை, தையல்காரியிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டேனே தவிர, அப்போது யாரையும் டாக்டரிடம் போகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்.

ஜனவரி 3

ஒன்று விட்டுப்போனது. வேர்த்தபின் குளிர் நடுங்குகிறது என்று கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு கதவை அடைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, எழுந்திருக்கவே முடியாமல் போகும். மலையில் எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது.

ஜனவரி 9

போன இடத்தில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள் என்கிறீர்கள். எனக்கும் இதுவேதான் நடந்தது. நான் வெட்கப்பட்டு "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்றேன். அவர்களும் ஒரு மாதிரியாகவே மருந்து கொடுத்தார்கள். அடுத்த தடவை அக்கா மகள் ஒரு தாளில் ஆறு வரி எழுதி வரச் சொன்னாள். அதை நீட்டியதும் டாக்டர் பேனாவை கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். டாக்டரும் அவரேதான், அறையும் அதேதான்.

அந்த ஆறு வரி இதுதான். கடைசியாக வந்த மூன்று நான்கு மாதவிடாயின் தேதி. எத்தனை நாள் போனது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி வந்ததா. சூடு ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ராத்திரி எத்தனை தடவை எழுகிறேன். வேறென்ன நோய், என்ன மாத்திரை. வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் உண்டா. கடைசி வரி முக்கியம்: இதில் எது என்னால் தாங்க முடியவில்லை. என் தாளில் "தூக்கம்" என்று எழுதியிருந்தேன்.

"மாதவிடாய் நிற்கும் காலம் என்று நினைக்கிறேன்" என்று வாய்விட்டு, அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். தூரம், வீட்டுக்கு விலக்கு, அது இது என்று சுற்றிச் சொன்னால் கேட்பவரும் சுற்றிவிடுவார்.

45 தாண்டியவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை, தேதியும் அறிகுறியும் போதும். ஆனால் வேறு எதுவும் இல்லை என்று பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறிலும் வேர்வை, படபடப்பு, நாள் தவறுவது எல்லாம் வரும். ரத்த அளவு, சர்க்கரை, பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு படபடப்பு இருப்பதால் ஒரு இ.சி.ஜி.யும். படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் இந்த வயசுக் கணக்கெல்லாம் போடாமல் உடனே ஆஸ்பத்திரி.

நம் நாட்டுப் பெண்களுக்கு நாள் நிற்கும் சராசரி வயது 46, 47. மேல்நாட்டில் 51 என்கிறார்கள். அதனால் 42, 43-ல் தடுமாற ஆரம்பித்தால் ஆச்சரியம் இல்லை. 40-க்கு முன்பே நின்றால் மட்டும் அது தனி விஷயம், கட்டாயம் பரிசோதனை வேண்டும்.

ஜனவரி 22

தைராய்டு சரியாக இருக்கிறது, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.6 தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதும் படபடப்பும் பாதி அதனால் இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், சாப்பிட்ட கையோடும் டீ வேண்டாம். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நம் மலையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், காலையில் கண் விழித்தால் டீதானே. சூடான டீ குடித்த உடனே சூடு கிளம்புகிறது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். நான் ஆறவிட்டுக் குடிக்கப் பழகினேன்.

பிப்ரவரி 11

"ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், கேன்சர் வரும் என்று மருந்துக்கடைக்காரரே சொல்கிறார், குப்பையில் போட்டுவிட்டேன்" என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். நானும் ஒரு தடவை போட்டவள்தான். அதனால் இதை நிதானமாகக் கேட்டு எழுதுகிறேன்.

இந்தப் பயம் 2002-ல் வந்தது. அமெரிக்காவில் இந்த ஹார்மோன் மாத்திரை பற்றிய ஒரு பெரிய ஆய்வை மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கச் செய்தி. எவ்வளவு கூடியது என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. ஒரு வருடத்தில் 10,000 பெண்களுக்கு 8 பேர் கூடுதல். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, அதாவது நாள் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆன பலர் அதில் இருந்தார்கள். பிறகு வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60-க்குள், நாள் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குகிற, வேறு தடை இல்லாத பெண்களுக்கு நன்மைதான் அதிகம் என்று தெரிந்தது. இந்தச் சூட்டுக்கு அதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை.

எல்லோருக்கும் அல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாமல் ரத்தப்போக்கு இருப்பவர்கள் எடுக்கக் கூடாது. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, கூட புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும், இல்லையென்றால் கருப்பையின் உள்சுவர் தடிக்கும். அதனால் பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடாதீர்கள். எடுக்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. சிலவற்றின் அட்டையைப் பார்த்தால் மனச்சோர்வுக்கு, வலிப்புக்கு என்று இருக்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், குறைந்த அளவில் இந்தச் சூட்டுக்கும் அவற்றைக் கொடுக்கிறார்கள்.

நான் மூன்று வருடம் எடுத்தேன். முதல் மாதத்திலேயே ராத்திரி ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன். எழுந்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை, அப்படி ஒரு தூக்கம்.

பிப்ரவரி 12

நாள் தள்ளிப்போகிறதே, இனிமேல் கர்ப்பம் நிற்காது என்று நினைத்துவிடாதீர்கள். 50-க்குக் கீழே என்றால் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு வருடம், 50-க்கு மேல் என்றால் ஒரு வருடம் கருத்தடையில் கவனமாக இருக்க வேண்டும். என் கடையில் 45 வயதில் அழுதுகொண்டு நின்ற ஒருவரை நினைத்து எழுதுகிறேன்.

மார்ச் 16

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இங்கே யாரும் பதில் எழுதவில்லை. நீர்க்கடுப்பு பற்றிக் கேட்டிருக்கிறார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கூச்சமான கேள்வி போலிருக்கிறது.

என் அம்மா சிலோனிலிருந்து, இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டு வந்தவர். இங்கே வந்தும் கொழுந்துதான். காலையில் இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் சீட்டை இழுத்துக் கட்டினால் சாயங்காலம் எடை போட்ட பிறகுதான் அவிழ்ப்பார். நடுவில் ஒதுங்க இடம் கிடையாது, அட்டை, பாம்பு பயம் வேறு. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டார். மதியம் வரை ஒரு மிடறு. எட்டு மணி நேரம் அடக்கி வைப்பார். நாள் நின்ற பிறகு மாதம் ஒரு தடவை நீர்க்கடுப்பு, காந்தல், காய்ச்சல். "சூடு பிடிச்சிருக்கு" என்று வெட்டிவேர்த் தண்ணீர் குடிப்பார், இரண்டு நாள் வேலைக்குப் பேர் போடாமல் படுத்திருப்பார், திரும்பவும் போவார்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பும் நீர் போகும் வழியும் வறண்டு மெலிந்துவிடும். அதனால்தான் எரிச்சல், அடிக்கடி கிருமித் தொற்று, இருமினால் சொட்டுவது, கணவரோடு சேரும்போது வலி. இரவுச் சூடு வருடக் கணக்கில் போகப் போகக் குறையும். இது குறையாது, கவனிக்காவிட்டால் கூடும். அங்கேயே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். காய்ச்சலோடு நீர்க்கடுப்பு என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து மருந்து எடுக்க வேண்டும், வெட்டிவேரில் நிற்காது.

தோட்டத்தில் பெண்களுக்குத் தனியாகக் கழிப்பிடம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லியிருந்தது. அம்மா வேலை பார்த்த தோட்டத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இந்தக் கிரீம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விட்டது. எனக்கே 50 வயதில்தான் தெரியும்.

மார்ச் 17

அம்மாவைப் பற்றி எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. 62 வயதில், தோட்டத்தில் வரிசையாகக் கட்டியிருக்கும் லைன் வீட்டுப் படியில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு உடைந்தது. சின்ன வழுக்கல்தான். நாள் நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரையும். அந்த வயசுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகியில் 340-க்கு மேல் இருக்கிறது, கூடப் பால், தயிர், கருவாடு, கீரை. மழை மாதங்களில் நாம் வெயிலையே பார்ப்பதில்லை, பார்த்தாலும் ஸ்வெட்டருக்குள் இருக்கிறோம். வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள்.

ஏப்ரல் 15

உதகையில் 700 படுக்கையோடு புது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாயிற்று. சீசன் கூட்டம் ஏறுவதற்குள் போய்வந்துவிடுங்கள், மே மாதம் குன்னூரிலிருந்து பஸ் ஏறினால் வெலிங்டன் தாண்டவே விடிந்துவிடும். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரஷர், சர்க்கரை, கருப்பை வாய், மார்பகம் பார்க்கிறார்கள். அதற்கென்று போகும்போது அந்த ஆறு வரித் தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே 20

கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கூடலூர்ப் பக்கமிருந்து என்னிடம் தைக்க வரும் ஒருவருக்கு 39 வயது. அதிக ரத்தப்போக்கு. கீழே சமவெளியில் ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன் எடுத்த அன்றே "எடுத்துடலாம், குழந்தைதான் பிறந்தாச்சே" என்று தேதி கொடுத்துவிட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் முட்டைப்பையையும் (சினைப்பை) சேர்த்து எடுத்தது அவருக்கே தெரியாது. பத்து நாளில் சூடு, தூக்கமின்மை, அழுகை. எனக்கு ஐந்து வருடத்தில் மெதுவாக வந்தது, அவருக்கு ஒரே வாரத்தில் மொத்தமாக வந்து இறங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டை என் கடையில் விரித்து அக்கா மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். அவள் படித்துச் சொன்னபோது அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய், பெரிய கட்டி, எதற்கும் நிற்காத ரத்தப்போக்கு என்றால் எடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி இருக்கிறது. இரண்டாவதாக ஒரு டாக்டரிடம் கேளுங்கள். முட்டைப்பை இருக்குமா எடுப்பீர்களா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். தேவையில்லாமல் கருப்பை எடுப்பதைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம் ஊர்ப் பெண் மட்டும் தனியாக ஏமாந்தது இல்லை.

ஜூன் 29

மறதி பற்றி. போன வருடங்களில் ஒரு தீபாவளிக்கு, பட்டு ரவிக்கை ஒன்றை மார்பு 38 என்று குறித்ததை 36 என்று வெட்டிவிட்டேன். சாக்பீஸ் கோடு போடும்போது கண் முன்னால் நோட்டு திறந்திருக்கிறது, அதில் 38 என்றுதான் இருக்கிறது. கத்தரி போன பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண்ணின் கல்யாணப் புடவைத் துணி அது. கடையை அடைத்துவிட்டு அழுதேன். மூளை மழுங்கிப்போகிறது, இனி தொழில் அவ்வளவுதான் என்று நினைத்தேன். தூக்கம் வந்த பிறகு தெளிவும் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்த மந்தம் நிலைப்பதில்லை என்கிறார்கள்.

கோபமும் அப்படித்தான். மகனிடம் ஒரு தட்டுக்காகக் கத்தியிருக்கிறேன். கோபம் வேறு, வாழவே பிடிக்கவில்லை என்பது வேறு. இரண்டாவது தலைகாட்டினால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். 104-லும் பேசலாம்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு: நான் அவரையும் டாக்டர் அறைக்குள் கூட்டிப்போனேன். நான் ஆறு மாதம் சொல்லிப் புரியாதது டாக்டர் ஐந்து நிமிடம் சொன்னதும் புரிந்தது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அன்று ராத்திரி அவரே எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

ஆகஸ்ட் 18

கோத்தகிரித் தங்கைக்கு. காலையில் நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மெஷினில் உட்கார முடியவில்லை. மாமியாருக்கு 61 வயது. நின்று பதினோரு வருடம் ஆகிறது. மூன்று வாரமாக ரத்தம் கசிகிறது, "திரும்ப இளமை வந்துடுச்சு" என்று பக்கத்து வீட்டில் சிரித்துப் பேசியிருக்கிறார், இது இயல்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இயல்பு இல்லை. பன்னிரண்டு மாதம் முழுசாக நின்றுவிட்டு அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், பழுப்பாக ஒரு கறை இருந்தாலும் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு அது புற்றுநோயாக இருக்காது. வறட்சி, சதை வளர்ச்சி என்று ஏதாவது இருக்கும். அந்த ஒருவர் யார் என்பது பார்த்தால்தான் தெரியும். ஸ்கேனில் கருப்பை உள்சுவர் எவ்வளவு தடிமன் என்று அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இந்த மாதம் தொடங்கியிருக்கும் சனிக்கிழமை அரசு முகாம்களிலும் மகளிர் டாக்டர் வருகிறார், ஆனால் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே கிளம்புங்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, எட்டு மாதமாக இங்கே எழுதியும் இதை மட்டும் எழுதாமல் இருந்துவிட்டேன். எனக்கும் வந்தது. 51 வயதில், நின்று பதினான்கு மாதம் கழித்து. தையல் துணியில் சாயம் ஒட்டியிருக்கிறது என்று முதல் நாள் நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் ஆசை. ஹார்மோன் மாத்திரையால் இருக்கும் என்று இன்னொரு மாதம். மொத்தம் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா மகளிடம்கூட. ஊருக்கெல்லாம் டாக்டரிடம் போ என்று சொல்லிக்கொண்டு நான் உள்பாவாடையை ராத்திரியில் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போனபோது சின்னச் சதை வளர்ச்சி, எடுத்து அனுப்பினார்கள், ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த முடிவுக்குக் காத்திருந்த ஒன்பது நாளும் நான் நினைத்தது ஒன்றுதான்: இந்த மூன்று மாதத்தைத் திரும்ப வாங்க முடியாது.

மாமியார் வர மாட்டேன் என்றால் என் கதையைச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 21

போனார்கள் என்று தெரிந்ததும் நிம்மதி. ஸ்கேனில் 13 மில்லிமீட்டர். சதை எடுத்தாயிற்று. காத்திருக்கும் நாட்களில் அவரைத் தனியாக விடாதீர்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 4

புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, கருப்பைக்குள்ளேயே இருக்கிறது, அறுவை சிகிச்சைக்குக் கோவையில் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள் என்று அக்கா மகள் சொல்கிறாள், அவளே உங்களோடு பேசுகிறாள். மே மாதம் கருப்பை எடுப்பது பற்றி நான் எழுதியதைப் படித்து மாமியார் தயங்குகிறார் என்றீர்களே, அது வேறு, இது வேறு. இங்கே எடுக்கத்தான் வேண்டும். தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நவம்பர் 23

நேற்று இருவரும் கடைக்கு வந்தார்கள். மாமியாரும் மருமகளும், சொல்லாமல் கொள்ளாமல். முதல் தடவை நேரில் பார்க்கிறேன். மருமகள் ரத்தம் 11-க்கு ஏறியிருக்கிறது, ராத்திரிச் சூடு முழுசாகப் போகவில்லை, ஒரு தடவைதான் எழுகிறாராம். மாமியார் இளைத்திருக்கிறார். அடிவயிற்றில் தையல் போட்ட இடத்தில் பாவாடை நாடா அழுத்துகிறது என்று, நாடா வேண்டாம், அகலமாகப் பட்டி வைத்துத் தரச் சொன்னார். இடுப்பு அளவு எடுக்கும்போது இரண்டு விரல் தளர்த்தியே பிடித்தேன்.

திரையை விலக்கி வெளியே வந்த பிறகு, மருமகளைச் செருப்பு மாட்டச் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க லைன்ல ஒரு புள்ளைக்கு 44. ராவுல வேர்க்குதுங்குறா. எங்களுக்கெல்லாம் வரலையான்னு அவ மாமியா திட்டுறா. அந்த ஆறு வரி எழுதுற தாளு இருக்கே, அதை எனக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்றார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாது என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.